முள்ளங்கி இலையில் ஒரு பழைய பாடம்



போன கிழமை எங்கட வளவு முள்ளங்கிப் பாத்தியைப் பார்த்தால் இலையெல்லாம் சல்லடை. இலையைத் திருப்பினேன். சின்னப் பச்சைப் புழுக்கள், தொட்டதும் நூல் விட்டுத் தொங்கின. கடைக்காரர் ஒரு போத்தலை நீட்டினார். கை போனது, ஆனால் வாங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. கோவா, முள்ளங்கி, கடுகு எல்லாம் அதற்குச் சாப்பாடு.

டீ.டீ.டி பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939இல் சுவிட்சர்லாந்தின் போல் முல்லர் கண்டுபிடித்தார். 1948இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் நாட்டில் 1940களில் மலேரியாவுக்காக அதை வீட்டுச் சுவர்களில் அடித்த கதையை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து, மறுக்கவில்லை.

தோட்டத்தில் கதை வேறு. 1950களின் தொடக்கத்திலேயே ஜாவாவில் இந்தப் பூச்சி டீ.டீ.டிக்குச் சாகாமல் நின்றது. பயிர்ப் பூச்சிகளில் அப்படிப் பதிவான முதல் பூச்சி இதுதான். பிறகு வந்த பல மருந்துகளுக்கும் அது பழகிவிட்டது. 1990இல், பீ.டீ என்ற பக்டீரியா மருந்துக்கும் ஹவாய்த் தோட்டங்களில் தாக்குப்பிடிக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

காரணம் எளிது. வெப்ப நாடுகளில் ஒரே ஆண்டில் அது பல தலைமுறை பெருகும். மருந்துக்குத் தப்பிய சிலவற்றின் குஞ்சுகள்தான் அடுத்த படை. அந்தப் புழுவை அழிக்கும் குளவியும் சிலந்தியும் மருந்தில் செத்துவிடும்.

அதற்காக 2021இல் செய்தது போல எல்லாவற்றையும் ஒரே அடியாக நிறுத்தச் சொல்லவில்லை. ஏக்கர் கணக்கில் செய்பவரின் கஷ்டம் வேறு. நம்முடையது வீட்டுப் பாத்தி. 45 நாள் அளவில் பிடுங்குகிற பயிர், இலையையும் சுண்டல் செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்.

நான் செய்வது இவ்வளவுதான். விதை போட்ட அன்றே பழைய நுளம்பு வலையால் மூடி, ஓரங்களுக்கு மண் அணைக்கிறேன். கிழங்குக்குப் பூ தேவையில்லை, ஆகவே பிடுங்கும்வரை வலை இருக்கலாம். காலையில் இலையின் அடிப்பக்கம் பார்த்துப் புழுவை நசுக்குகிறேன். கோவா இருந்த இடத்தில் முள்ளங்கி போடுவதில்லை. மிஞ்சினால், இடித்த வேப்பங்கொட்டையை இரவு ஊறவைத்து, வடித்து, மறுநாள் பின்னேரம் தெளிக்கிறேன்.

உங்கட உம்மம்மா, வாப்பும்மா காலத்தில் என்ன செய்தார்கள்? கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவைப்போம்.