ஓய்வுபெற்ற பந்தய கிரேஹவுண்ட் நாய்களைத் தத்தெடுத்தல்

பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட கிரேஹவுண்ட் நாய்களைத் தொண்டு அமைப்புகள் பொறுப்பேற்று, சிகிச்சையும் பழக்கமும் கொடுத்து, வீடுகளில் வளர்க்க ஒப்படைக்கும் ஏற்பாடு இது. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பரவலாக நடக்கிறது. இக்கட்டுரை பெரும்பாலும் பிரிட்டனைப் பற்றியது. அங்கே பந்தய நாய் 15 மாத வயதில் தடத்தில் இறங்குகிறது. 3 முதல் 5 வயதுக்குள் அதன் ஓட்டம் முடிந்துவிடும். இந்த இனத்தின் ஆயுளோ 10 முதல் 14 ஆண்டுகள். மிச்சமுள்ள அந்த ஆண்டுகளுக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வியிலிருந்துதான் தத்தெடுப்பு அமைப்புகள் பிறந்தன. நாயை வைத்துப் பணம் பார்த்த தொழில் அந்தக் கேள்விக்கு நெடுங்காலம் முகம் கொடுக்கவே இல்லை.

பின்னணி

கிரேஹவுண்ட் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய். சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் ஒட்டிய வயிறும் நீண்ட முகமும் புதிதாகத் தோன்றாது. அமெரிக்கரான ஓவன் பேட்ரிக் ஸ்மித் உருவாக்கிய இயந்திர முயல், வேட்டைக்களத்து ஓட்டத்தை நகரத்து அரங்குக்குள் கொண்டுவந்தது. பிரிட்டனில் அந்த முயலைத் துரத்தும் வட்டத்தடப் பந்தயம் 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வியூ அரங்கில் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அது உழைக்கும் மக்களின் மாலைநேரச் சூதாட்டமாக நாடெங்கும் பரவியது. 1929, 1930 இரு ஆண்டுகளிலும் இங்கிலீஷ் டெர்பியை வென்ற மிக் தி மில்லர் என்ற நாய் இறந்தபின் பாடம் செய்யப்பட்டு, டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. ஜெயிக்காத நாய்கள் எங்கே போயின என்று விசாரித்தவர்கள் குறைவு.

1970களின் நடுவில் பந்தய நிர்வாகமே முன்வந்து ரிட்டயர்ட் கிரேஹவுண்ட் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியது. இன்று கிரேஹவுண்ட் டிரஸ்ட் என்ற பெயரில் நாடு முழுவதும் கிளைகளோடு இயங்குவது அதுதான். ஆனால் பொதுமக்களின் மனத்தை உலுக்கியது 2006 ஜூலையில் சண்டே டைம்ஸ் இதழ் வெளியிட்ட செய்தி. டர்ஹாம் பகுதியின் சீஹாம் என்ற ஊரில் ஒருவர், சுமார் 15 ஆண்டுகளில் 10,000 நாய்கள்வரை கொன்று தன் நிலத்தில் புதைத்திருக்கிறார். நாய் ஒன்றுக்குக் கூலி 10 பவுண்டு. அவருக்குப் பின்னர் விழுந்த அபராதம் கொன்றதற்காக அல்ல, அனுமதியில்லாமல் புதைத்ததற்காக. சொந்தக்காரர் சம்மதித்தால் ஆரோக்கியமான நாயைக் கொல்வதை அன்றைய சட்டம் தடுக்கவில்லை.

அதன்பின் 2010இல் இங்கிலாந்தில் வந்த விதிகள் பந்தய அரங்கில் கால்நடை மருத்துவர் இருப்பதையும், நாய்களுக்கு மைக்ரோசிப்பும் காதில் அடையாள எழுத்தும் இருப்பதையும் கட்டாயமாக்கின. 2018 முதல், பந்தயத்தை நிர்வகிக்கும் கிரேட் பிரிட்டன் கிரேஹவுண்ட் வாரியம் காயம், மரணம், ஓய்வு பற்றிய கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. செலவைக் காரணம் காட்டிக் கருணைக்கொலை செய்யப்பட்டவை 2018இல் 175. 2023இல் 3 என்கிறது வாரியம். 2020 செப்டம்பரில் தொடங்கிய ஓய்வுத் திட்டத்தின்படி, நாயைப் பதிவு செய்யும்போதே 400 பவுண்டு ஒதுக்கப்பட்டது: பாதி உரிமையாளருடையது, பாதி வாரியத்துடையது. நாய் ஓய்வுபெறும்போது அந்தத் தொகை அதை ஏற்கும் காப்பகத்துக்குப் போகும். பல் சுத்தம், கருத்தடை, மாதக்கணக்கான தீவனம் என்று கூட்டிப் பார்த்தால் இது போதாது. மீதியை நன்கொடையும் தன்னார்வலர்களின் உழைப்புமே ஈடுகட்டுகின்றன.

தேர்வும் ஒப்படைப்பும்

பிரிட்டிஷ் தடங்களில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை அயர்லாந்தில் பிறந்தவை. அவற்றின் இரு காதுகளுக்குள்ளும் பச்சை குத்திய எழுத்துகள் இருக்கும். அந்த எழுத்துகளைக் கொண்டு நாயின் பிறந்த தேதி, தாய் தந்தை, ஓடிய பந்தயங்கள் என்று முழு ஜாதகத்தையும் தேடி எடுத்துவிடலாம்.

விண்ணப்பித்தவரின் வீட்டுக்கு முதலில் ஒரு தன்னார்வலர் வருவார். தோட்டத்து வேலியின் உயரம், இடைவெளிகள், வீட்டிலுள்ள குழந்தைகளின் வயது, பகலில் வீடு எத்தனை மணிநேரம் பூட்டிக் கிடக்கும் என்பவற்றைக் கேட்பார். பூனை இருக்கும் வீடென்றால் நாய்க்குத் தனிச் சோதனை உண்டு. வாய்க்கூடு மாட்டி, வாரில் பிடித்து, பூனை இருக்கும் அறைக்குள் நாயைக் கூட்டிச் செல்கிறார்கள். பூனையைப் பார்ப்பதில் தவறில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதுதான் கணக்கு. காது விறைத்து, உடல் நடுங்கி, கண்ணை எடுக்காமல் நிற்கும் நாய் பூனை வீட்டுக்குத் தேறாது. ஆனால் தேறுகிற நாய்களும் நிறைய. பந்தயத்தில் முயல் விரட்டியது எல்லாப் பிராணியையும் விரட்டும் என்ற பொதுக்கருத்து சரியல்ல.

தடுப்பூசி, கருத்தடை, மைக்ரோசிப் எல்லாம் முடித்து, கழுத்துப்பட்டை, வார், வாய்க்கூடு, குளிர் அங்கி ஆகியவற்றோடு நாயை ஒப்படைப்பது வழக்கம். கிரேஹவுண்டின் கழுத்து தலையைவிடப் பருமனானது என்பதால் சாதாரணப் பட்டையை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு ஓடிவிடும். அகலமான பட்டைதான் வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் அதே காப்பகத்திடம்தான் திருப்பித் தரவேண்டும், பிறருக்கு விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறார்கள்.

வீட்டில் முதல் வாரங்கள்

தத்தெடுத்தவர்கள் திகைப்பது நாயின் மூர்க்கத்தால் அல்ல, அதன் அறியாமையால். கென்னல் என்ற நாய்க்கொட்டிலில் வளர்ந்த நாய் மாடிப்படியைப் பார்த்திருக்காது. கண்ணாடிக் கதவில் போய் முட்டும். வழுவழுப்பான தரையில் கால் வைக்கத் தயங்கும். துணி துவைக்கும் இயந்திரம் சுழலும் சத்தத்துக்கு ஒடுங்கும். எப்படியோ மாடி ஏறிவிட்டு, இறங்கத் தெரியாமல் உச்சியில் நின்று முனகுவது பல வீடுகளில் நடப்பது. ஒருவர் பின்னால் நின்று இடுப்பைத் தாங்க, இன்னொருவர் முன்னங்கால்களை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்துத்தான் பழக்க வேண்டும். மற்ற இன நாய்களையும் அது அதிகம் பார்த்திருக்காது. மயிர் அடர்ந்த குட்டி நாய் எதிரே வந்தால் அதை நாயென்று எடுத்துக்கொள்ளுமா, இரையென்று எடுத்துக்கொள்ளுமா என்று முதல் சில வாரங்களுக்கு உறுதி கிடையாது. வாய்க்கூடு அந்தக் காலத்துக்குத்தான்.

பிறந்தது முதல் கூட்டத்திலேயே இருந்த பிராணி தனிமையில் ஊளையிடும். ஆகவே சில நிமிடங்களில் தொடங்கி, வெளியே போய்வரும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்கிறார்கள். இன்னொரு எச்சரிக்கை தூக்கத்தைப் பற்றியது. சில கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்தபடி தூங்கும். தூங்கும்போது யாராவது தொட்டால் திடுக்கிட்டு உறுமும், கடிக்கவும் கூடும். தொடாமல் பெயர் சொல்லி எழுப்புவது நல்லது. சிறு குழந்தைகள் நாயின் படுக்கைப் பக்கம் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய நாய்க்குப் பெரிய மைதானமும் ஓயாத பயிற்சியும் தேவை என்று பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். உண்மை நேர்மாறானது. பந்தய ஓட்டமே அரை நிமிடச் சமாசாரம். மீதி நேரமெல்லாம் அது படுத்தே கிடந்தது. வீட்டிலும் நாளுக்கு இரண்டு நடை போதும், பிறகு சோபாவைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வேலியில்லாத இடத்தில் வாரை அவிழ்த்துவிடக் கூடாது. தொலைவில் ஒரு அணில் அசைந்தாலும் போதும், கூப்பிடுவது காதில் விழாது.

உடல்நலம்

கிரேஹவுண்டின் இரத்தப் பரிசோதனையை மற்ற நாய்களின் அளவுகோலால் படித்தால் பிழை நேரும். சிவப்பணு இயல்பிலேயே அதிகம். தட்டணுவும் தைராய்டு சுரப்பும் குறைவு. இதை அறியாமல் தைராய்டு மாத்திரை எழுதிக்கொடுப்பதும் உண்டு. தயோபென்டால் போன்ற மயக்கமருந்துகளை இந்த இனத்தின் ஈரல் மெதுவாகவே சிதைப்பதால் மயக்கம் தெளிய நெடுநேரமாகும். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்த நாய்க்கும் ஓரிரு நாள் கழித்து இரத்தக் கசிவு ஏற்படலாம் என்பதால், இனம் அறிந்த மருத்துவர்கள் முன்கூட்டியே மருந்து கொடுக்கிறார்கள்.

கென்னலில் ஊறவைத்த ரொட்டியும் இறைச்சியுமாகத் தின்றதில் பற்கள் பெரும்பாலும் கெட்டிருக்கும். பாதத்தில் கால் ஆணி வருவது இந்த இனத்தின் தனித் துன்பம்; புல்லில் ஒழுங்காக நடக்கும் நாய் சாலையில் நொண்டினால் முதலில் பாதத்தைப் பார்க்க வேண்டும். தடத்தில் இடப்பக்கமாக வளைந்து ஓடுவதால் வலப் பின்னங்கால் கணு முறிவு பந்தயத்தில் அடிக்கடி நேரும். அந்தப் பழைய காயம் வயதானபின் மூட்டுவாதமாகத் தலைகாட்டும். எலும்புப் புற்றுநோய் இந்த இனத்தில் அதிகம் காணப்படுவதால் காரணம் தெரியாத நொண்டலைத் தள்ளிப்போடக் கூடாது. தோல் மெலிது, முள்கம்பி பட்டால் கிழியும். கொழுப்பு குறைந்த உடல் என்பதால் குளிர்காலத்தில் அங்கியும், எலும்பு உறுத்தாத மெத்தையும் அவசியம்.

கருத்து வேறுபாடும் பிற நாடுகளும்

தத்தெடுப்பு அமைப்புகள் ஒரே குரலில் பேசுவதில்லை. பந்தயத் தொழிலின் பணத்தை வாங்கினால்தான் நாய்களைக் காப்பாற்ற முடியும் என்பவை ஒருபுறம். காப்பகங்கள் இருப்பதையே சாக்காக வைத்துத் தொழில் மேலும் நாய்களைப் பெருக்குகிறது என்பவை மறுபுறம். இரண்டாவது வாதத்தை எளிதில் தள்ள முடியாது. 2022இல் ஆர்.எஸ்.பி.சி.ஏ., டாக்ஸ் டிரஸ்ட், புளூ கிராஸ் ஆகிய மூன்று பெரிய அமைப்புகளும் சேர்ந்து பந்தயத்தைப் படிப்படியாக நிறுத்தக் கோரின. 2025 பிப்ரவரியில் வேல்ஸ் அரசு தடை விதிக்கப்போவதாக அறிவித்தது.

அரங்கு மூடப்படும்போது என்ன ஆகும் என்பதற்கு மக்காவு நல்ல பாடம். அங்கிருந்த கெனிட்ரோம் பந்தய அரங்கு 2018 ஜூலையில் மூடப்பட்டபோது 500க்கும் மேற்பட்ட நாய்கள் கேட்பாரற்று நின்றன. அனிமா என்ற உள்ளூர் அமைப்பு பொறுப்பேற்று, ஐரோப்பா, அமெரிக்கா என்று பல இடங்களுக்கு அவற்றை அனுப்பி வீடு தேடித் தந்தது. அதே 2018இல் புளோரிடா மாநில வாக்காளர்களில் 69 சதவீதத்தினர் தடைக்கு ஆதரவளித்தனர். 2020 முடிவுக்குள் அங்கு நாய்ப் பந்தயம் நின்றது. அதற்குள் அமெரிக்காவில் தத்தெடுக்கக் காத்திருப்போர் பட்டியல் நீண்டு, கொடுக்க நாய்கள் போதாமல் போயின. இப்போது அங்குள்ள சில அமைப்புகள் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளை விமானத்தில் வரவழைத்துத் தருகின்றன.