தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்த விமானம்



ஜொகூர் பாருவில் ஜாலான் கெபுன் தே என்றொரு சாலை உண்டு. 'தேயிலைத் தோட்டச் சாலை' என்பது அதன் பொருள். அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் அதைத் தாண்டிப் போனவர்கள் நம்மில் பலர்; நின்று பார்த்தவர்கள் சிலர்தான். 1977-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி இரவு, நம் ஜொகூர் மண்ணில் விழுந்த விமானத்தில் மாண்டவர்கள் அங்கே ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

பிளேன் விழுந்துவிட்டது என்று கேட்டதும், "இன்ஜின் கெட்டுப் போயிருக்கும்" என்றுதான் நம்ம ஆட்கள் சொல்லுவாங்க. அப்படி நடந்ததும் உண்டு. 1976 அக்டோபர் 12-ஆம் தேதி, பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தின் இரண்டு இன்ஜின்களில் ஒன்று பழுதாயிற்று. ஓர் இன்ஜின் நின்றாலும் மற்றதைக் கொண்டு இறங்கலாம். விமானிகளுக்கு அந்தப் பயிற்சி உண்டு. ஆனால் அன்று, விரிசல் கண்டிருந்த இன்ஜின் தட்டு ஒன்று உடைந்து எரிபொருள் குழாயை அறுத்துவிட்டது. தீ பற்றியது. தரையிறக்கத் திரும்பி வருகையில் விமானம் கட்டுப்பாடு இழந்து விழுந்தது. 95 பேரும் மாண்டனர். 'பத்ரகாளி' படத்தில் நடித்த ராணி சந்திராவும் அவர்களில் ஒருவர்.

மறு ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி, ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று சுபாங்கில் இறங்க வந்து, எல்மினா ரப்பர் தோட்டத்துக் குன்றில் மோதியது. வானிலை மோசம். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் முன்பே, அனுமதித்த உயரத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். 79 பேரில் 34 பேர் இறந்தனர். 45 பேர் பிழைத்தனர்.

இவ்விரண்டிலும் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்றில் இயந்திரம், மற்றொன்றில் மனிதக் கவனக்குறைவு. ஜொகூரில் விழுந்த விமானத்தின் கதையோ வேறு.

எல்மினா விபத்து நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. மாஸ் நிறுவனத்தின் 653-ஆம் எண் போயிங் 737 விமானம் இரவு 7.21-க்குப் பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்டது. பயணிகள் 93 பேர், பணியாளர்கள் 7 பேர். பத்து ஆராங்குக்கு மேலே 4,000 அடி உயரத்தில் வந்தாயிற்று. இன்னும் சில நிமிடத்தில் சுபாங்கில் இறங்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் விமானி, விமானம் கடத்தப்படுவதாகச் செய்தி அனுப்பினார். விமானம் இறங்கவில்லை, சிங்கப்பூரை நோக்கித் தெற்கே திரும்பியது. பிறகு தொடர்பு அறுந்தது.

இரவு எட்டரை மணி சுமாருக்கு, தஞ்சோங் கூப்பாங்கின் கம்போங் லாடாங் மக்கள் வெடிச் சத்தம் கேட்டுப் பதறினார்கள். சதுப்பு நிலத்தில் விமானம் எரிந்துகொண்டிருந்தது. நூறு பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. விவசாய அமைச்சர் டத்தோ அலி ஹாஜி அகமது அதில் இருந்தார். ஜப்பானுக்கான கியூபா தூதரும் இருந்தார். இது இன்னார் உடல் என்று பிரித்துக் கொடுக்க முடியாத நிலை. அமைச்சரும் சாதாரணப் பயணியும், பல நாட்டாரும் பல மதத்தாரும் ஒரே மண்ணில் அடக்கமானார்கள்.

விமானி அறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது, விமானத்தைச் செலுத்த ஆளில்லாமல் போயிற்று என்பது விசாரணையில் தெரிந்தது. ஆனால் கடத்தியது யார்? எதற்காக? ஜப்பானியச் செம்படை என்று ஒரு பேச்சு அடிபட்டது, நிரூபணம் ஆகவில்லை. உடைந்த இரும்பு தன் குற்றத்தைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். மனிதன் செய்த குற்றம் அவனோடு சேர்ந்து எரிந்துவிட்டால், அதைக் காட்டிக் கொடுப்பார் யார்?

மாணவச் செல்வங்களே! 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். விசாரித்தும் விடை கிடைக்காத இடத்தில், விடை கிடைக்கவில்லை என்று எழுதுவதுதான் வரலாறு. அங்கே ஒரு வதந்தியை வைத்து அடைப்பது, இறந்தவர்களுக்கும் அவர்களுக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கும் நாம் செய்யும் அநியாயம்.

இன்று தஞ்சோங் கூப்பாங் பக்கமாகத்தான் சிங்கப்பூருக்கு இரண்டாம் பாலம் போகிறது. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதன் வழியே வேலைக்குப் போய் வருகிறார்கள். பெற்றோர்களே, அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது, ஜாலான் கெபுன் தேயில் பிள்ளைகளோடு ஒரு நிமிடம் நில்லுங்கள். பினாங்கிலிருந்து வீடு திரும்ப நினைத்து ஏறியவர்கள், வழி தப்பி நம் மண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.