கவனக்குறைவு (தீங்கியல் சட்டம்)

கவனக்குறைவு என்பது, ஒருவர் பிறர் பொருட்டுக் காட்ட வேண்டிய நியாயமான கவனத்தைக் காட்டத் தவறி, அதனால் அவர்களுக்குக் கேடு விளைவிப்பதைக் குறிக்கும் சட்டக் கருத்தாகும். தீங்கியல் சட்டத்தில் இது தனியொரு தீங்காகக் கருதப்படுகிறது. கேடு செய்யும் எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. இதற்கான தீர்வு தண்டனையன்று, பண இழப்பீடே. புதுச்சேரி இக்கருத்தைப் பிரெஞ்சு, ஆங்கிலேய மரபுகள் இரண்டின் வழியாகவும் அறிந்த ஊர் ஆகும்.

அடிப்படைக் கூறுகள்

ஆங்கிலேய மரபைப் பின்பற்றும் இந்தியாவில், பிரதிவாதிக்குத் தன்பால் கவனக் கடமை இருந்தது, அக்கடமை மீறப்பட்டது, அம்மீறலால் தனக்குச் சேதம் ஏற்பட்டது ஆகிய மூன்றையும் வாதி மெய்ப்பிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வழக்கு நிற்காது.

கவனக் கடமை யாருக்கு உண்டு என்பதற்கு 1932 ஆம் ஆண்டு டொனகியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கு அடித்தளமாயிற்று. 1928 இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், தோழி வாங்கித் தந்த இஞ்சி பீர் புட்டியில் அழுகிய நத்தை இருந்ததாக ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். விலை கொடுத்தவர் தோழி என்பதால் அப்பெண்ணுக்கு யாரோடும் ஒப்பந்தம் இல்லை. ஆயினும், தன் செயலால் பாதிக்கப்படுவார் என எதிர்பார்க்கத்தக்க எவரும் சட்டத்தின் கண்ணில் 'அயலாரே' என்று அட்கின் பிரபு கூறினார். (நத்தை உண்மையில் இருந்ததா என்பது கடைசிவரை மெய்ப்பிக்கப்படவில்லை.)

கடமை மீறப்பட்டதா என்பது 'நியாயமான மனிதர்' எவ்வாறு நடந்திருப்பார் என்ற அளவுகோலால் முடிவாகிறது. மருத்துவர் போன்ற தொழில்முறையாளருக்கு, அத்தொழிலில் சராசரித் திறன் உடையவரே அளவுகோல். உச்ச நீதிமன்றம் ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) இதனை உறுதி செய்தது. குற்றவியல் பொறுப்புக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, அது மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டம்

1804 ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுப்பு, 1819 இல் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது. பிறருக்குத் தன் தவற்றால் சேதம் விளைவித்தவர் அதனை ஈடுசெய்ய வேண்டும் என அதன் 1382 ஆம் பிரிவு கூறியது. அசட்டைக்கும் முன்யோசனையின்மைக்கும் இப்பொறுப்பை 1383 ஆம் பிரிவு விரித்தது. தவறு, சேதம், இரண்டையும் இணைக்கும் காரணத் தொடர்பு ஆகியவையே இங்கு வேண்டப்பட்டன. 'இவருக்கு நீ கடமைப்பட்டிருந்தாயா' என்ற தனிக் கேள்வி பிரெஞ்சு மரபில் இல்லை. நத்தை வழக்கில் நீதிபதிகளைப் பிளவுபடுத்தியது அக்கேள்வியே.

1954 நவம்பர் 1 இல் நிருவாகமும், 1962 ஆகத்து 16 இல் சட்டப்படியான இறைமையும் இந்தியாவிடம் வந்தன. உயர் நீதிமன்ற அதிகாரம் சென்னைக்கு வந்தது. இன்று புதுச்சேரியில் இத்தகைய வழக்குகள் இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பின்பற்றியே முடிவு செய்யப்படுகின்றன. பிரான்சில் மேற்கண்ட பிரிவுகள் 2016 முதல் 1240, 1241 என எண் மாற்றம் பெற்றுள்ளன.

இடியும் கட்டடங்களும் விழும் மரங்களும்

பராமரிப்பின்மையாலோ கட்டுமானக் குறையாலோ கட்டடம் இடிந்து சேதம் விளைந்தால் உரிமையாளரே பொறுப்பு என்பது பழைய 1386 ஆம் பிரிவு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட 'மேரி' எனும் நகர்மன்றக் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அது மீளக் கட்டப்பட்டு 2021 இல் திறக்கப்பட்டது. இத்தகைய இடிவில் ஒருவர் காயமுற்றால், பிரெஞ்சு விதிப்படி குறையையும் சேதத்தையும் காட்டினால் போதும். ஆங்கிலேய மரபில் கவனக்குறைவையே மெய்ப்பிக்க வேண்டும்.

இச்சுமையைத் தில்லி மாநகராட்சி எதிர் சுபாகவந்தி வழக்கு (1966) குறைத்தது. சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு விழுந்து சிலர் இறந்தனர். கூண்டுக்கு வயது ஏறத்தாழ 80. அதன் சாந்துக்கு ஆயுளோ 40 முதல் 45 ஆண்டுகளே. நெடுஞ்சாலையோரக் கட்டடம் தானே விழுந்தது என்பதே கவனக்குறைவைக் காட்டும் எனக் கொண்டு, மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது உச்ச நீதிமன்றம். இது 'நிகழ்வே பேசும்' என்ற கோட்பாடாகும்.

ஆனால் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் (1997), அலுவலகம் செல்லும் வழியில் சாலையோர மரம் விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்குக் கீழ் நீதிமன்றங்கள் அளித்த இழப்பீட்டை அதே உச்ச நீதிமன்றம் நீக்கியது. சாலை மரங்கள் ஒவ்வொன்றையும் ஆய்ந்து பார்க்கும் கவனக் கடமை மாநகராட்சிக்கு இல்லை என்பது அதன் முடிவு. மேற்கூறிய மூன்று கூறுகளுள் முதலாவதிலேயே அக்குடும்பம் தோற்றது.