ஒற்றை ஹிட் கலைஞர்கள்

ஒரே ஒரு பாடலால் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போய், பிறகு அந்தப் பட்டியலில் தலைகாட்டாத பாப் இசைக் கலைஞர்களையும் குழுக்களையும் இப்பெயர் குறிக்கும். முதலிடம் பிடித்து வேறெந்தப் பாடலும் பட்டியலேறாதவரை மட்டுமே சேர்ப்பது கறாரான கணக்கு. முதல் 40க்குள் ஒருமுறை வந்தாலே போதும் என்பாரும் உண்டு.

பட்டியல் பிறந்த பிறகுதான் இப்படி ஓர் இனம் உருவாக முடிந்தது. அமெரிக்காவின் பில்போர்டு இதழ் 1940 ஜூலையில் தேசிய அளவிலான இசைத்தட்டு விற்பனைப் பட்டியலைத் தொடங்கியது. பிரிட்டனில் 1952 நவம்பரில் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் இதழின் பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எது அதிகம் விற்றது என்று கேட்டுப் பட்டியல் போட்டார். இன்றும் புனிதமாகப் பேசப்படும் பிரிட்டிஷ் பட்டியலின் ஆரம்பம் அவ்வளவுதான்.

1949இல் வந்த 45 சுழற்சி இசைத்தட்டும், வானொலி அறிவிப்பாளர்களின் செல்வாக்கும், சிறு கம்பெனிகளின் பெருக்கமும் புதுமுகங்களுக்கு வழிவிட்டன. பில்போர்டின் ஹாட் 100 பட்டியல் 1958 ஆகஸ்ட் 4 அன்று தொடங்கியது. அம்மாதமே நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு இளைஞர்களான தி எலிகண்ட்ஸ் குழு, குழந்தைப் பாடல் ஒன்றைத் தழுவிய ‘லிட்டில் ஸ்டார்’ பாடலால் முதலிடம் பிடித்தது. அதன் பின் அப்பட்டியலில் அவர்கள் பெயர் வரவேயில்லை.

1960இல் ‘ஆலி ஊப்’ மூலம் முதலிடம் பிடித்த ஹாலிவுட் ஆர்கைல்ஸ் கதை இன்னும் வேடிக்கை. ஒலிப்பதிவின்போது அப்படியொரு குழுவே கிடையாது. கேரி பாக்ஸ்டன் வேறொரு கம்பெனியுடன் ஒப்பந்தத்தில் இருந்ததால் சொந்தப் பெயரைப் போட முடியவில்லை; ஹாலிவுட் பூல்வார்டும் ஆர்கைலும் சந்திக்கும் தெருமுனையின் பெயரைத் தட்டில் அச்சிட்டார்கள். இல்லாத குழுவுக்கு இரண்டாவது ஹிட் எங்கிருந்து வரும்?

திறமைக் குறைவுதான் காரணம் என்று முடிவு கட்டுவது அவசரம். கேலின் இரட்டையர் 1958இல் ‘வென்’ பாடலால் பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தனர். அங்கு அதுவே அவர்களின் ஒரே ஹிட். ஆனால் அமெரிக்காவில் அடுத்த பாடலும் முதல் இருபதுக்குள் வந்தது. அதே ஆண்டு அவர்களுடைய பிரிட்டிஷ் சுற்றுப்பயணத்தில் துணைப் பாடகராகப் போன கிளிஃப் ரிச்சர்ட், பின்னர் பல பத்தாண்டுகள் அந்நாட்டுப் பட்டியலை ஆண்டார்.

இவ்வகையில் உச்சம் தொட்டவர்கள் ஜேகர்–எவன்ஸ் இணையர். 1969இல் ‘இன் தி இயர் 2525’ அமெரிக்காவில் ஆறு வாரமும் பிரிட்டனில் மூன்று வாரமும் முதலிடத்தில் நின்றது. அவர்களின் வேறெந்தப் பாடலும் அவ்விரு பட்டியல்களிலும் இடம்பெறவில்லை.