உயிர்காப்புக் கருவி விலக்கல்

மீள வழியற்ற நோயாளிக்கு வென்டிலேட்டர் போன்றவற்றை நிறுத்தி, நோயை அதன் போக்கில் விடும் முடிவு. ஊசி போட்டு உயிரை முடிப்பது வேறு. அது இந்தியாவில் குற்றம்.

2018 மார்ச் 9-இல் ‘காமன் காஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் கருவி விலக்கலை அனுமதித்து, அத்தகைய சிகிச்சை வேண்டாமென முன்கூட்டியே எழுதும் மருத்துவ உயிலையும் ஏற்றது. ஆனால் உயிலுக்கு மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் கேட்டது. நல்ல உடம்போடு இருப்பவரே அவரைத் தேடிப் போகத் தயங்குவார்! உரிமை ஏட்டளவில் நின்றது. 2023 ஜனவரியில் விதிகள் தளர்ந்தன: நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று போதும், கருவியை நிறுத்தலாமா என்று ஆராயும் இரு மருத்துவக் குழுக்களும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துரைக்க வேண்டும்.

கருவி நின்றாலும் சிகிச்சை நிற்பதில்லை. மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மார்ஃபின் தேவை. திருவனந்தபுரத்தில் 2003-இல் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் தொடங்கிய ‘பாலியம் இந்தியா’, அம்மருந்துக்கான கெடுபிடிகளைத் தளர்த்தப் போராடியது. அக்கெடுபிடிகளைத் தளர்த்த 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது.