மாட்டு வண்டியிலிருந்து குட்டி யானை வரை: மைக் செட் சுமந்த வண்டிகளின் கதை

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாரியம்மன் பண்டிகை, கட்சிக் கூட்டம்... தர்மபுரி மாவட்டத்தில் எந்த விசேஷம் என்றாலும் பந்தல்காரருக்கு அடுத்து ஊருக்குள் வருகிறவர் மைக் செட்காரர்தான். பழைய ஆட்கள் 'ரேடியோ செட்' என்பார்கள். பிறகு 'சவுண்ட் சர்வீஸ்' ஆனது. இப்போது 'டி.ஜே.'. பெயர் மாறினாலும் தொழில் ஒன்றுதான். சத்தத்தை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அந்தப் பாட்டுகளைப் பற்றியும் பாடியவர்களைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தச் சத்தத்தைச் சுமந்த வண்டியைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் இந்தத் தொழிலில் இறங்கும் எவருக்கும் பெரிய கேள்வியே "எந்த வண்டி வாங்கலாம்?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் இருந்திருக்கிறது. அந்தப் பதில்கள் ஏன் மாறின என்று பார்ப்போம்.

குழாய் ஸ்பீக்கர் காலம்

ஒலிபெருக்கி அமெரிக்காவில் பிறந்தது. பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய கூட்டத்துக்கு முன்னால் அதை ஒலிக்க வைத்தார்கள். 1919-ல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சான் டியாகோவில் ஆயிரக்கணக்கான மக்கள் முன் அதன் வழியாகப் பேசினார். அதன் பிறகு மேடைப் பேச்சு என்பதே வேறாகிவிட்டது. இந்தியாவில் 1940-ல் டெல்லியில் தொடங்கிய அஹூஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிபையரும் கூம்பு ஸ்பீக்கரும் பட்டிதொட்டியெல்லாம் பரவின. இன்றைக்கும் பல ஊர்களில் ஆம்ப்ளிபையர் என்றால் அஹூஜாதான்.

கூம்பு ஸ்பீக்கரின் குணத்தை இங்கே கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அது குறைந்த மின்திறனில் அதிகச் சத்தம் தரும். முப்பது, நாற்பது வாட்ஸ் ஆம்ப்ளிபையர் இருந்தாலே ஒரு கிராமம் முழுக்கக் கேட்கும். கூம்பின் எடையும் குறைவு. அதனால் இரண்டு கூம்பு, ஒரு ஆம்ப்ளிபையர், ஒரு பேட்டரி, ஒரு கிராமபோன், ஒரு பெட்டி இசைத்தட்டு, இவ்வளவுதான் மொத்த முதல். மாட்டு வண்டியில் ஒரு மூலை போதும். பக்கத்து ஊர் என்றால் சைக்கிள் கேரியரே போதும். தூரத்து ஊர் என்றால் பஸ்ஸின் மேல் கேரியரில் ஏற்றிவிடலாம்.

அப்போது கவலை எடையைப் பற்றி அல்ல, குலுங்கலைப் பற்றித்தான். பழைய 78 சுழற்சி இசைத்தட்டு அரக்குக் கலவையால் ஆனது, தட்டினால் உடையும். ஆம்ப்ளிபையருக்குள் இருந்த வால்வுகளோ கண்ணாடி. ஆக, "எந்த வண்டி?" என்ற கேள்விக்கு முதல் காலத்தின் பதில் "எது கிடைக்கிறதோ அது. ஆனால் மெதுவாகப் போ" என்பதுதான்.

நம் மாவட்டத்திலேயே செய்த வண்டி

தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2-ல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூரும் இதற்குள்தான் இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மைக் செட் தொழிலை மாற்றிய ஒரு வண்டி அந்த ஓசூரில்தான் பிறந்தது. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 அது.

ஐம்பது சி.சி. மொபெட். முன்னால் கால் வைக்கும் இடத்தில் பேட்டரி, பின்னால் கேரியரில் ஆம்ப்ளிபையர், அதன் மேல் கவிழ்த்துக் கட்டிய கூம்பு என்று ஒரு ஆள் ஒரு செட்டையே கொண்டுபோக முடிந்தது. மாட்டுக்குத் தீனி வேண்டாம், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். இதே காலத்தில் இசைத்தட்டு போய் கேசட் வந்தது. ஒரு பெட்டித் தட்டில் இருந்த பாட்டெல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் அடங்கியது. வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்ததால் ஆம்ப்ளிபையரும் குலுங்கலைத் தாங்கியது. இந்தத் தொழிலின் சுமை மிகக் குறைவாக இருந்த காலம் இதுதான் என்று சொல்லலாம்.

கொஞ்சம் பெரிய ஆட்களுக்கு 'டெம்போ' இருந்தது. இது முதலில் ஒரு கம்பெனியின் பெயர். ஜெர்மனியின் டெம்போ நிறுவனத்தோடு சேர்ந்து 1958-ல் தொடங்கிய பஜாஜ் டெம்போ, மூன்று சக்கரச் சரக்கு வண்டியைச் செய்தது. அந்தக் கம்பெனியின் பெயர் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறிவிட்டது. ஆனால் நம் ஊரில் சின்னச் சரக்கு வண்டி எதுவாக இருந்தாலும் இன்னும் 'டெம்போ'தான். அதே கம்பெனி 1969-ல் கொண்டுவந்த மெட்டடார் வேன், 1986-ல் வந்த டாடா 407 ஆகிய இரண்டும் பந்தல், நாற்காலி, சீரியல் லைட், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் சேர்த்து வாடகைக்கு விடுபவர்களின் வண்டிகளாக இருந்தன. வெறும் மைக் செட்டுக்கு 407 வாங்குவது கொசுவை அடிக்க உலக்கை எடுப்பது போல.

கூம்பு போய் பெட்டி வந்தது

பிறகு எல்லாம் தலைகீழானது. இரண்டு காரணங்கள்.

முதல் காரணம் ரசனை. கூம்பில் பேச்சு தெளிவாகக் கேட்கும், பாட்டின் அடித்தளச் சத்தமான 'பேஸ்' வராது. நெஞ்சில் 'தொம் தொம்' என்று இறங்கும் சத்தம் வேண்டுமானால் பெரிய காகிதக் கூம்பு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய மரப்பெட்டி வேண்டும், நிறைய வாட்ஸ் வேண்டும். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் மின்திறனை ஏறக்குறைய பத்து மடங்கு கூட்ட வேண்டும். பக்கத்து ஊர் செட்டை விட நம் செட் சத்தமாக இருக்க வேண்டும் என்ற போட்டியில் இந்தக் கணக்குதான் முதலாளிகளைக் கடன்காரர்கள் ஆக்கியது.

இரண்டாவது காரணம் சட்டம். மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. பண்டிகைகளுக்கு மட்டும் வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18-ல் தந்த தீர்ப்பில் இந்த இரவுத் தடையை உறுதிப்படுத்தியது. தமிழ்நாட்டில் விநாயகர் சதுர்த்தி போன்ற விழாக்களுக்கு அனுமதி தரும்போது, கூம்பு ஸ்பீக்கர் கூடாது, பெட்டி ஸ்பீக்கர் மட்டுமே என்று போலீஸ் நிபந்தனை போடுவதும் வழக்கமானது. கூம்பின் சத்தம் நேராக வெகுதூரம் பாயும் என்பதால் இந்த நிபந்தனை நியாயமானதே. ஆனால் மைக் செட்காரருக்கு அதன் பொருள் வேறு: சைக்கிளில் போன சாமான் இனி சைக்கிளில் போகாது.

குட்டி யானை வருகிறது

அந்தத் தீர்ப்பு வந்த அதே 2005-ல், மே மாதம், டாடா ஏஸ் வந்தது. 702 சி.சி. டீசல் இன்ஜின், இரண்டு சிலிண்டர், முக்கால் டன் சுமை, விலை சுமார் இரண்டேகால் லட்சம். தமிழ்நாட்டு மக்கள் அதற்கு வைத்த பெயர் 'குட்டி யானை'. பெட்டி ஸ்பீக்கருக்கு வண்டி தேடிக்கொண்டிருந்த சிறு முதலாளிக்கு இது சரியான நேரத்தில் வந்தது.

இதில் சட்டமும் உதவியது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. வண்டியும் சுமையும் சேர்ந்தே ஏஸுக்கு அதில் பாதி அளவுதான். 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் சுமக்கும், அதுவும் இந்த வரம்புக்குள்தான். தோஸ்த் முதலில் தயாரான இடம் மறுபடியும் ஓசூர்! அதற்குள் ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆகிவிட்டது. டி.வி.எஸ். 50-யும் தோஸ்தும் ஒரே ஊரில் பிறந்து, முப்பது வருட இடைவெளியில் ஒரே தொழிலைச் சுமந்தன.

ஓட்டுநர் உரிமத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் சரக்கு வண்டி ஓட்டத் தனியாக 'பேட்ஜ்' வேண்டுமா என்பது பல வருட வழக்கு. 7,500 கிலோ வரை தனியாக வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது ஒரு நடுத்தர டி.ஜே. செட்டைத் தராசில் ஏற்றுவோம். 18 அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ள பேஸ் பெட்டி ஒன்று சுமார் 90 கிலோ. அப்படி நான்கு என்றால் 360. மேலே வைக்கும் 'டாப்' நான்கு, 160. ஆம்ப்ளிபையர் ரேக் 100. லைட், ஸ்டாண்டு, ஒயர் எல்லாம் 100. மொத்தம் 720 கிலோ. குட்டி யானையின் முக்கால் டன் இதிலேயே தீர்ந்துவிட்டது. ஜெனரேட்டர் இன்னும் ஏறவில்லை. சாமான் இறக்கும் நான்கு பையன்களும் ஏறவில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ஜெனரேட்டரைப் பின்னால் இழுத்துக்கட்டுகிறார்கள். பையன்கள் பெட்டி மேல் ஏறிக்கொள்கிறார்கள். இரவு நிகழ்ச்சி முடிந்து, தூக்கக் கலக்கத்தோடு, உயரமாக அடுக்கிய சுமையோடு தொப்பூர் கணவாய் இறக்கத்திலோ பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் மலைப்பாதையிலோ இறங்குகிறார்கள். சுமை உயர உயர வண்டி வளைவில் சாயும். எடை கூடக் கூட பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நீளும். தொப்பூரில் எவ்வளவு விபத்து நடக்கிறது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சரக்கு வண்டியில் சும்மா ஏறிவரும் பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டது. பெட்டி மேல் உட்கார்ந்து வரும் பையன் வேலையாள்தான் என்று காட்ட பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதம் கூட இருக்காது. அவனுக்கு ஏதாவது ஆனால் அந்தக் குடும்பம் யாரிடம் போய்க் கேட்கும்? வண்டி வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது.

வண்டிக்கே பெயர் வந்த கதை

நம் ஊரில் மட்டும்தான் இப்படியா என்றால் இல்லை. 1950-களில் ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரத் தெருக்களில் 'சவுண்ட் சிஸ்டம்' போட்டி நடந்தது. ஊர் ஊராகப் பெட்டிகளை ஏற்றிப்போய் நடனக் கூட்டம் நடத்துவார்கள். அதில் டியூக் ரீட் என்பவர் தன் சாமான்களை 'டிரோஜன்' என்ற ஆங்கிலேய லாரியில் கொண்டுபோனார். மக்கள் அவரையே 'டிரோஜன்' என்று கூப்பிட்டார்கள். பின்னாளில் 1968-ல் லண்டனில் தொடங்கிய புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கும் அதே பெயர். லாரியின் பெயர் ஆளுக்கும், ஆளின் பெயர் கம்பெனிக்கும் போனது!

எந்த வண்டிதான் நல்லது?

இந்த வரலாற்றைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. மைக் செட்டுக்கென்று யாரும் வண்டி செய்யவில்லை. மாட்டு வண்டி நெல்லுக்கு, டெம்போ சந்தைச் சரக்குக்கு, குட்டி யானை காய்கறிக்கும் கடைச் சாமானுக்கும் வந்தது. மைக் செட்காரர் எப்போதும் அடுத்தவர் தொழிலின் வண்டியைத்தான் வாங்கினார்.

இது குறை போலத் தெரிந்தாலும் உண்மையில் அதுதான் அவரைக் காப்பாற்றியது. மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் கிடையாது. ஆடியில் மாரியம்மன் பண்டிகையாவது உண்டு, மார்கழியில் அதுவும் இல்லை. ஆனால் வண்டித் தவணை மாதம் தவறாமல் வரும். அந்த மாதங்களில் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளியும், சீசனில் காரிமங்கலம் பக்கத்து மாங்காயும் ஏற்றி ஓட்ட முடிகிற திறந்த பாடி வண்டிதான் தவணையைக் கட்டும். நாலு பக்கமும் அடைத்து, லைட் போட்டு, டி.ஜே.வுக்கென்றே மாற்றிய வண்டி அந்த மாதங்களில் சும்மா நிற்கும். போதாததற்கு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் எப்.சி. காட்டும்போதும் தொல்லை.

ஆகவே புதிதாக இறங்குபவர் முதலில் தன் செட்டை எடை போட வேண்டும். ஜெனரேட்டரையும் சேர்த்துத்தான். வந்த எடையைப் போல ஒன்றரை மடங்கு தாங்கும் வண்டியைப் பார்க்க வேண்டும். நம் கணக்குக்கு அது தோஸ்த் போன்ற ஒன்றேகால் டன் பிக்கப். குட்டி யானைதான் வாங்க முடியும் என்றால் பேஸ் பெட்டியை இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்கு நிறுத்த வேண்டிய சத்தத்துக்கு நான்கு எதற்கு? வேலை செய்யும் பையன்கள் பின்னால் ஒரு பைக்கில் ஹெல்மெட்டோடு வரட்டும், அல்லது பஸ்ஸில் வரட்டும். அந்த பெட்ரோல் காசையும் பஸ் காசையும் வாடகையிலேயே சேர்த்துக் கேட்டு வாங்குவதில் தவறே இல்லை.