பால்மாட்டின் காளைக்கன்றுக்கு முழுச் சோளம்: ஊவா தோட்டங்களில் எது சாத்தியம்?

மாடு ஈன்றவுடன் லயத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, கிடேரியா காளையா என்பதுதான். கிடேரி என்றால் வீட்டில் தங்கும். காளை என்றால், அது குடிக்கும் ஒவ்வொரு லீற்றரும் விற்க முடியாமல் போன பாலாகவே கணக்கில் வரும். பதுளை, பசறை, வெலிமடை, அப்புத்தளைப் பகுதிகளில் நான் பார்த்த வரையில், பல காளைக்கன்றுகள் சில வாரங்களிலேயே எலும்பும் தோலுமாக, கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் போகின்றன.

அந்தக் கன்றை வளர்த்து விற்றால் என்ன என்று கேட்டால், பதில் ஒன்றே: புல்லுக்கு எங்கே போவது? தோட்டக் குடும்பங்களுக்கு மேய்ச்சல் நிலம் இல்லை. காணி அரசுடையது, 1992க்குப் பிறகு அதை நிர்வகிப்பவை பெருந்தோட்டக் கம்பனிகள். வீதியோரப் புல், மறுநடுகைக்கு முன் தேயிலை மலையில் நடப்படும் குவாத்தமாலா புல், நிழலுக்கு நிற்கும் கிளிரிசிடியா இலை ஆகியவற்றில் கிடைப்பது கறவை மாட்டுக்கே போதாது. ஆகவே, புல்வெளி இல்லாமல் கொட்டிலில் கட்டி, தானியத்தில் கன்றை வளர்க்கும் முறையைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

முறை என்ன?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பால் பண்ணைகளில் பிறக்கும் பிரீசியன் காளைக்கன்றுகளை அடைப்பில் வைத்து, அரைக்காத முழுச் சோளத்தையும் புரதத் தீவனத்தையும் கொடுத்து எடையேற்றுவது பழகிய முறை. ஸ்பெயினில் அடர்தீவனமும் வைக்கோலும் கொடுத்து வளர்க்கிறார்கள். ஊவாவில் இதைப் பேசக் காரணம் இருக்கிறது. மொனராகலையும் பதுளையின் மகியங்கனைப் பக்கமும் சோளம் விளையும் பகுதிகள். பெல்வத்தை, செவனகலை சீனி ஆலைகளும் இதே மாகாணத்தில்தான் உள்ளன. கரும்புப் பாகுக் கழிவான மொலாசஸ் அங்கிருந்து வருகிறது.

அரைக்காமல் ஏன்?

மாவாக அரைத்த சோளம் முதல் இரைப்பையில் வேகமாகப் புளிக்கும். அமிலம் ஏறும்; கன்று தீனியை விடும், வயிறு ஊதும். முழு மணியைக் கன்று மென்றுதான் உடைக்க வேண்டும். மெல்லும்போது உமிழ்நீர் சுரந்து அமிலத்தைத் தணிக்கும்; மாச்சத்தும் மெதுவாகவே வெளிப்படும். ஆலைக்கூலியும் மிச்சம்.

இளங்கன்று நன்றாக மெல்லும். வளர்ந்த மாடு அவசரமாக விழுங்கும். சாணியில் முழு மணிகள் அதிகம் வரும். ஆகவே இது முதல் ஆறு முதல் எட்டு மாதங்களுக்கே மிகவும் பொருந்தும். இறுங்கு, நெல் போன்ற சிறிய கடின மணிகளுக்கு இது பொருந்தாது. அவற்றை உடைத்தே கொடுக்க வேண்டும்.

முதல் எட்டு வாரம்

பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் 3 லீற்றர் அளவு சீம்பால் உள்ளே போகவேண்டும். இது தவறினால் பின்னால் எந்தத் தீவனமும் ஈடுசெய்யாது. பிறகு நாளொன்றுக்கு 4 லீற்றர் பால் என்றால், எட்டு வாரத்துக்கு 224 லீற்றர். இதுதான் குடும்பம் போடும் உண்மையான முதலீடு.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு பிடி சோளக் கலவையும் சுத்தமான தண்ணீரும் முன்னால் இருக்கட்டும். தானியம் புளிக்கும்போது உண்டாகும் அமிலங்களே இரைப்பையின் உட்சுவரை வளர்க்கின்றன. தொடர்ந்து மூன்று நாட்கள் நாளுக்கு 1 கிலோ தின்றால் பாலை நிறுத்தலாம். பண்டாரவளை, அப்புத்தளைக் குளிரில் ஈரத் தரையில் படுக்கும் கன்றுக்கு நிமோனியா வரும். காய்ந்த படுக்கை அவசியம்.

கலவை

சோளத்தில் புரதம் 8 முதல் 9 வீதமே. வளரும் கன்றுக்கு ஏறத்தாழ 16 வீதம் வேண்டும். 100 கிலோ கலவைக்கு ஒரு கணக்கு:

முழுச் சோளம் 70 கிலோ
சோயாப் புண்ணாக்கு 17 கிலோ
தேங்காய்ப் புண்ணாக்கு 10 கிலோ
சுண்ணாம்புக்கல் தூள் 1.5 கிலோ
கனியுப்புக் கலவை 1 கிலோ
உப்பு அரைக் கிலோ

சோளத்தில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் மிகக் குறைவு. சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்க்காவிட்டால் ஆண் கன்றுக்குச் சிறுநீர்க்கல் அடைத்துவிடும். தவிட்டிலும் பொஸ்பரஸ் அதிகம். மலிவு என்று அதைக் கூட்டினால் ஆபத்தும் கூடும். தேயிலைக்குப் போடும் டொலமைற் இதற்கு மாற்றல்ல. அதிலுள்ள மக்னீசியமும் கல் உண்டாக உதவும். வெற்றிலைச் சுண்ணாம்பும் கூடாது, வாய் வெந்துவிடும்.

புண்ணாக்குத் தூள் தொட்டியின் அடியில் தங்க, கன்று மணியை மட்டும் பொறுக்கித் தின்னும். சிறிது மொலாசஸ் தெளித்துக் கலந்தால் தூள் மணியோடு ஒட்டிக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியவை

புல்லிலிருந்து தானியத்துக்கு மாற்ற மூன்று வாரம் எடுக்கவேண்டும். ஒருநாள் பட்டினி போட்டு மறுநாள் நிறையக் கொடுப்பதுதான் கன்றைக் கொல்லும். சாணி சாம்பல் நிறமாகத் தண்ணீராகப் போய்ப் புளித்த வாடை வந்தால் தானியத்தைக் குறைத்து, வைக்கோலைக் கொடுத்து, கால்நடை வைத்தியரை அழையுங்கள். வைக்கோல் இல்லாமலும் இம்முறையில் வளர்ப்பவர்கள் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களோ தீனியில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த புல்லோ வைக்கோலோ வைப்பதே பாதுகாப்பு. கன்று சிறுநீர் கழிக்க முக்கி முக்கி நின்றால் அன்றே வைத்தியரைப் பார்க்கவேண்டும்.

பூஞ்சை பிடித்த சோளத்தில் அஃப்லாடொக்சின் நஞ்சு இருக்கும். அதைக் கறவை மாட்டுக்குக் கொடுத்தால் நஞ்சு பாலிலும் இறங்கும். ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படாத, நன்றாகக் காய்ந்த சோளத்தையே வாங்கி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

கணக்கு

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இளங்கன்று 90 கிலோவிலிருந்து 160 கிலோவுக்கு வர, கிலோ எடைக்கு 4 கிலோ கலவை என்று வைத்தால் 280 கிலோ போதும். அங்கிருந்து 250 கிலோவுக்குக் கொண்டுபோக, கிலோவுக்கு 6 கிலோ வீதம் 540 கிலோ தேவை. முதல் 70 கிலோ எடை மலிவு, அடுத்த 90 கிலோ விலை கூடியது.

கலவை கிலோ 100 ரூபா என்று வைத்துப் பாருங்கள். முதல் கட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு 400 ரூபா, இரண்டாம் கட்டத்தில் 600 ரூபா. உங்கள் ஊரில் உயிர் எடைக்குக் கிடைக்கும் விலை இதற்கு மேலே இருக்கவேண்டும்; பாலின் பெறுமதியும் மருந்துச் செலவும் வேறு. 2018இன் இறுதியில் படைப்புழு வந்தபோதும், 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டபோதும் சோளச் செய்கை அடிவாங்கியது. அப்படியான ஆண்டில் கன்றைத் தானியத்தில் முடிப்பது நட்டமே.

ஆகவே என் முடிவு இதுதான்: வெளிநாட்டுப் பண்ணைபோல் கடைசிவரை சோளத்தில் வளர்ப்பது நிலமற்ற குடும்பத்துக்கு ஏற்றதல்ல. முதல் ஆறு மாதம் முழுச் சோளம் கொடுத்து, நல்ல உடம்போடு விற்பது, அல்லது வெட்டுப் புல் உள்ளவர் அதற்கு மாறுவது ஏற்றது. ஜேர்சிக் கலப்புக் கன்றும் நாட்டுக் கன்றும் பிரீசியன் அளவுக்கு எடை ஏறா. அவற்றுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமாகும்.

சட்டமும் மனமும்

1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாடு அறுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. மாட்டிறைச்சிக்காக அறுப்பதைத் தடைசெய்யும் யோசனைக்கு 2020 செப்டெம்பரில் அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. மாட்டை ஏற்றிச்செல்ல உரிமைச் சான்றும் அனுமதியும் வேண்டும். எந்த வயதில், யாருக்கு விற்கலாம் என்பதை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

இறைச்சிக்கு விற்பதில் மனம் ஒப்பாதவர்கள் நம்மில் பலர். அதை நான் மதிக்கிறேன். ஆனால் மூன்றாம் வாரத்தில் பட்டினியோடு போகும் கன்றும் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. வளர்க்கும் மனமில்லாவிட்டாலும் சீம்பாலையாவது முழுதாகக் கொடுப்பது நம் கையில் உள்ளது.

வன்னியில் இருப்பவர்களுக்கு

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் பல. 2009இல் பட்டியை அவிழ்த்துவிட்டு ஓடி, திரும்பிவந்து ஒரு மாட்டிலிருந்து மறுபடி தொடங்கியவர்களும் உண்டு. அங்கே வெயிலில் கட்டிய கன்று தீனி குறைத்தே தின்னும். நிழலும் நாள் முழுதும் தண்ணீரும் தானியத்துக்கு முன்னால் வரவேண்டும். கடன் எடுத்துச் சோளம் வாங்காதீர்கள். ஒரு கன்றில் தொடங்கி, வாரம் ஒருமுறை மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து, போட்ட தீனியோடு சேர்த்து எழுதிவையுங்கள். இரண்டாவது கன்றை வளர்ப்பதா விற்பதா என்று அந்தக் கொப்பி சொல்லும்.